பழைய காரின் முன்சக்கரம் என்ன சொல்கிறது?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். பழைய காருக்கும் இது பொருந்தும். சக்கரம் கழன்று மடங்குவதற்கும், ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போவதற்கும் முன்னால் பெரும்பாலும் ஓர் ஓசை கேட்கும். சில நாள் கேட்கும். சில மாதங்கூடக் கேட்கும். அந்த மணியோசையை நாம் காதில் வாங்கிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

அன்பார்ந்த வாசகர்களே, தோட்டத்து லயங்களின் முன்னால் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள். 1985-இல் முதன்முதலாக வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கஞ்சில், மூன்று கை மாறி வந்த டொயோட்டா. பிள்ளையைப் பரீட்சைக்கு ஏற்றிச் செல்வதும், பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், சம்பளம் போட்டதும் பட்டணத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவதும் அந்த வண்டிகள்தாம். வண்டிக்கு வயதானது குற்றமன்று. முன்பக்கம் சத்தம் போடும்போது வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டு ஓட்டுகிறோமே, அதுதான் ஆபத்து.

சுவா சூ காங்கும் பழைய கார்களும்

சிங்கப்பூரின் வடமேற்கே இருக்கிறது சுவா சூ காங். ஜோகூர்ப் பாலத்தைக் கடந்தால் அதிகத் தொலைவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவா குலத்துச் சீனர்கள் ஆற்றோரமாகக் கேம்பியரும் மிளகும் பயிரிட்ட இடம் அது. பிறகு நெடுங்காலம் கிராமமும் பண்ணையுமாக இருந்தது. இப்போது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். 1990-இல் எம்ஆர்டி ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

என் மைத்துனர் அங்கேதான் குடியிருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் நாங்கள் போய் வருவதுண்டு. அவரிடம் 12 வயதான ஒரு டொயோட்டா இருக்கிறது. நம் பக்கம் 12 வயதுக் காரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அங்கே அது கிழவண்டி. காரணம் உண்டு. சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்கு மேலும் காரை வைத்துக்கொள்ள விரும்பினால் மேலும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாலை வரியும் ஏறும். பத்து வயது தாண்டியதும் நூற்றுக்குப் பத்து அதிகம். ஆண்டுக்கு ஆண்டு கூடி, 14 வயது தாண்டினால் நூற்றுக்கு ஐம்பது அதிகம்.

பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. பிரேக், புகை ஆகியவற்றோடு வண்டியின் அடிப்பாகத்தையும் பார்க்கிறார்கள். முன்சக்கரங்கள் நேராக உருள்கின்றனவா என்று அளக்கிறார்கள். தேறாத வண்டி பழுது பார்த்துக்கொண்டு மறுபடியும் வர வேண்டும்.

மலேசியாவில் சொந்தக் காருக்கு இப்படி ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. வண்டி கைமாறும்போது ஒரு முறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப்பின் பத்து ஆண்டு செம்மண் சாலையில் குதித்தாலும் கேட்பார் இல்லை. ஆகவே தோட்டத்தில் ஓடும் காருக்கு ஓட்டுகிறவரின் காதுதான் பரிசோதனை அதிகாரி. அந்தக் காதைப் பழக்கிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

முதல் பாடம்: எப்போது?

பட்டறைக்குப் போனதும் நாம் என்ன சொல்கிறோம்? "முன்னால் புஞ்ஞி வருது" என்று மலாய்ச் சொல் ஒன்றில் முடித்துவிடுகிறோம். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. எந்தச் சாமானில் சத்தம் என்று ஊகிப்பது நம் வேலையன்று. எப்போது, எப்படி, எந்தப் பக்கம் என்று சொல்வதுதான் நம் வேலை.

நான்கு கேள்விகளை மனத்தில் வையுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறதா? மெதுவாக வளையும்போது வருகிறதா? மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வருகிறதா? வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறதா? இவற்றோடு, பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்திற்குப் பெயர் வைப்பதில் நம் தமிழுக்கு நிகரில்லை. கடகட, கலகல, கறகற, படபட என்று பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தோமல்லவா? அது பட்டறைக்கும் உதவும். "கடகட" என்பது வேறு, "கறகற" என்பது வேறு. ஒன்று தளர்ந்து ஆடுவது. மற்றொன்று உராய்ந்து தேய்வது. இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

கேட்பதற்கு மூன்று இடங்கள்

சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் பலமாடிக் கார் நிறுத்துமிடங்கள் உள்ளன. சத்தம் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மாடிக்கு மாடி வளைந்து ஏற வேண்டும். வேகமோ மிகக் குறைவு. பக்கத்துச் சுவர் சத்தத்தைத் திருப்பி நம் காதிலேயே போடும். சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு முறை ஏறி இறங்கினால் வளைவில் வரும் சத்தம் அத்தனையும் கேட்டுவிடும். குடியிருப்புச் சாலைகளில் உள்ள வேகத்தடைகள் இரண்டாவது இடம். கிராஞ்சி விரைவுச்சாலை மூன்றாவது. சீரான வேகத்தில் வரும் சத்தத்தை அங்கே கேட்கலாம்.

நமக்குப் பலமாடிக் கட்டடம் வேண்டியதில்லை. பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில் பள்ளித் திடலில் வட்டமடிக்கலாம். தோட்ட அலுவலகச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். செம்மண் சாலை இருக்கவே இருக்கிறது. வேகத்திற்குப் பெருஞ்சாலை இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் முன்னால் காசில்லாத சோதனை ஒன்று. சக்கரத்து நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அண்மையில் டயர் மாற்றிய வண்டியாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தளர்ந்த நட்டும் "டொக் டொக்" என்றுதான் பேசும். பிறகு சக்கரமே கழன்று ஓடும்.

"டிக், டிக், டிக்"

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது "டிக், டிக்" என்று ஒழுங்காகக் கேட்கிறதா? எண்ணெய் மிதியை அழுத்தினால் விரைவாகிறதா? முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில் இது டிரைவ் ஷாப்டின் வெளி முனையில் உள்ள மூட்டு தேய்ந்ததன் அறிகுறி. இடப்பக்கம் ஒடித்தால் கேட்கிறதென்றால் பெரும்பாலும் வலச் சக்கரத்து மூட்டு. வலப்பக்கம் ஒடித்தால் இடச் சக்கரத்து மூட்டு. வளைவில் வெளிப்பக்கத்துச் சக்கரம்தான் பளுவைச் சுமக்கிறது என்பதே காரணம்.

குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். மூட்டின்மேல் மடிப்பு மடிப்பாக ஓர் உறை இருக்கும். அது கிழிந்திருந்தால் கறுப்புக் கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும். கிரீஸ் போன வழியே மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். உறை கிழிந்த உடனே மாற்றினால் மூட்டு பிழைக்கும். டிக்டிக் தொடங்கிவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

"ஊங்..." என்ற முனகல்

முனகல் இரண்டு வகை. வண்டி நின்றபடி, அல்லது மிக மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகுவது ஒன்று. எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் எண்ணெய் குறைந்தால் இப்படி முனகும். கலத்தில் உள்ள அளவுக்கோட்டைப் பாருங்கள். எண்ணெய் நுரைத்துப் பால் போலிருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிற்காமல் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். முழுவதும் ஒடிக்கும்போது "கிறீச்" என்று அலறினால் பெல்ட் வழுக்குகிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடித்திருப்பதைத் தவிர்த்தால் பம்பு நீண்ட நாள் உழைக்கும். பிந்தி வந்த கார்கள் பலவற்றில் மின் மோட்டாரே உதவி செய்கிறது. அங்கே இந்த எண்ணெய் கிடையாது.

பெருஞ்சாலையில் வேகம் கூடக்கூடக் கூடும் முனகல் இரண்டாவது வகை. இது டயராகவும் இருக்கலாம், சக்கரத்து பேரிங்காகவும் இருக்கலாம். சாலை மாறும்போது கவனியுங்கள். பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கு ஏறியதும் சத்தம் மாறினால் டயர்மேல் சந்தேகப்படுங்கள். எந்தச் சாலையிலும் ஒரே முனகல், இடப்பக்க வளைவில் பெரிதாகிறது, வலப்பக்க வளைவில் அடங்குகிறது என்றால் வலச் சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கலாம். முனகல் கறகறவென்று மாறிவிட்டதா? இனிமேல் தாமதிக்கக் கூடாது.

"கடகட", "டொக்", "கிறீச்"

மேடு பள்ளத்தில் வரும் சத்தங்கள்தாம் நமக்கு நன்கு பழக்கமானவை. நம்மைக் குழப்புபவையும் அவைதாம்.

சிறு கற்களும் குழிகளும் உள்ள சாலையில் மெதுவாகப் போகும்போது "கடகட" என்று கேட்டால், முதலில் ஸ்டேபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் சிறு கோல் அது. இதை அறிய எளிய வழி உண்டு. இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி வேகத்தடையை நேராகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி ஓட்டிப் பாருங்கள். நேராகக் கடந்தபோது அமைதி, ஒரு பக்கம் இறங்கும்போது கடகட என்றால் அந்தக் கோல்தான் பெரும்பாலும் குற்றவாளி. மற்றச் சாமான்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு.

மைத்துனர் காரில் நடந்தது இதுதான். அவர் காட்டிய ஒரு பட்டறையில் ஸ்டியரிங் ரேக்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் வேலை. "மாமா, வண்டியை வித்துடலாமான்னு இருக்கு" என்றார். நாங்கள் இருவரும் வேகத்தடையில் மேலே சொன்ன இரு விதமாகவும் ஓட்டிப் பார்த்தோம். நேராகப் போனால் சத்தமே இல்லை. ஸ்டியரிங்கிலும் அதிர்வு இல்லை. இதை அப்படியே வேறொரு மெக்கானிக்கிடம் சொன்னார். அவர் அந்தக் கோலைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை கையிலேயே ஆடியது. கோல்கள் இரண்டையும் மாற்றியதும் சத்தம் நின்றது. அடுத்த பரிசோதனையிலும் வண்டி தேறியது. ரேக் கெட்டிருந்தால் பெரும்பாலும் கரடுமுரடான சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே இடி தெரியும். இந்த வேறுபாட்டை அறிந்ததில் அவருக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம்.

கனமாக ஒரே ஒரு "டொக்" கேட்பது வேறு. பிரேக்கை மிதித்த கணத்தில், அல்லது பின்னால் போய் முன்னால் எடுக்கும்போது கேட்டால் லோவர் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது கேட்டால் பால் ஜாயின்ட் மீதும் அப்சோர்பர் மீதும் ஐயம் கொள்ள வேண்டும். வண்டி நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சுருள்வில் முறுக்கி விடுபட்டது போல் "டொய்ங்" என்று கேட்டால் அப்சோர்பரின் மேல் மவுண்டிங் இறுகிவிட்டது என்று பொருள்.

"கிறீச், கிறீச்" என்று பழைய கட்டில் போல் முனகுவது பெரும்பாலும் ரப்பர். இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1877-இல் சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்திற்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. அங்கிருந்து பரவிய மரத்தின் பாலைத்தான் நம் பாட்டன் பாட்டிமார் சீவினார்கள். இன்றும் அதிர்வைத் தாங்கும் புஷ்களுக்கு இயற்கை ரப்பர் பெரிதும் பயன்படுகிறது. அந்த ரப்பருக்குப் பகை எண்ணெய். சத்தம் வருகிறதென்று டீசலையும் கழிவெண்ணெயையும் அடிப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு ரப்பர் உப்பி, நைந்து போகும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்தப் புஷ்ஷில் தண்ணீர் பட்டதும் கிறீச் சற்று அடங்குகிறதோ, அந்தப் புஷ் காய்ந்துவிட்டது.

சிறு விஷயங்களும் உண்டு. தகரத்தை உரசுவது போல் திடீரென்று கறகறத்தால் பிரேக் தட்டுக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கலாம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் உரசினால் சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்புக் கழன்றிருக்கலாம். இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம்.

கையால் பார்க்கும் சோதனை

காதுக்குப் பிறகு கை. சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்படி ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. தலையையும் நீட்டக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் முனையோ ரேக்கோ தளர்ந்திருக்கிறது. 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். ஆட்டம் எதுவும் தெரியவில்லை என்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். சில கார்களில் கம்பி கொண்டு நெம்பினால்தான் பால் ஜாயின்டின் தளர்ச்சி தெரியும். அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

ஸ்டேபிலைசர் லிங்க், காய்ந்த புஷ், மவுண்டிங் ஆகியவை அடுத்த சம்பளம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். டிக்டிக் மூட்டோடு தொலைதூரப் பயணம் வேண்டாம், நடுவழியில் நின்றுவிடும்.

ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட், தளர்ந்த டை ராட் முனை, கறகறக்கும் பேரிங் ஆகிய மூன்றுக்கும் தவணை கிடையாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளியே மடங்கி வண்டி குப்புற இறங்கும். டை ராட் கழன்றால் ஒரு சக்கரம் நம் சொல்லைக் கேட்காது. பளுவேற்றிய லாரி எதிரே வரும் சாலையில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங் திடீரென்று தளர்ந்தாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ, அன்றைக்குப் பேருந்தில் போங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கேட்ட சத்தத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இடப்பக்கம் ஒடித்தால் டிக்டிக், வேகத்தடையில் நேராகப் போனால் இல்லை" என்று இரண்டு வரி போதும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தத்தைக் காட்டுங்கள். சாமானை மாற்றுமுன் ஆட்டத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நாணயமான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார். டை ராட், லோவர் ஆர்ம், ரேக் இவற்றில் எதை மாற்றினாலும் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் வேலையையும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து காசைத் தின்னும். பழைய சாமான் கடையில் பால் ஜாயின்டும் டை ராடும் வாங்காதீர்கள். கதவும் கண்ணாடியும் பழையதாக இருக்கலாம். உயிரைத் தாங்கும் மூட்டு பழையதாக இருக்கக் கூடாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, தோட்டத்துச் சாலையில் ஒரு சுற்று ஓட்டுங்கள். வீட்டில் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிப்போன சத்தம் அவர் காதுக்குப் புதிதாகக் கேட்கும். "இது என்னங்க, போன மாதம் இல்லையே?" என்று அவர் கேட்டால், மறுநாளே வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.